ஆம்புலன்ஸ் வரும் வரை: பினாங்குத் தொழிற்கூடங்களில் முதலுதவி

[காட்சி: மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள பிறைத் தொழிற்பேட்டை, காலை ஏழு மணி. இரவு ஷிப்ட் முடித்தவர்கள் கம்பெனிப் பேருந்துகளில் ஏறுகிறார்கள்.]

பிறையில் உலோகத் தகடு அழுத்தும் ஒரு தொழிற்சாலையில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், பக்கத்து இயந்திரத்தில் நின்ற அண்ணன் ஒருவரின் ஆள்காட்டி விரல் முதல் கணுவோடு துண்டாகிப் போனது. சுவரில் முதலுதவிப் பெட்டி இருந்தது. ஆனால் அது பூட்டியிருந்தது, சாவியோ சாப்பிடப் போயிருந்த சூப்பர்வைசரின் சட்டைப் பையில் இருந்தது. ஒருவர் காப்பித் தூளை அள்ளிக்கொண்டு ஓடி வந்தார். இன்னொருவர் துண்டான விரலை எடுத்து, தண்ணீர்ப் போத்தல்களுக்காக வைத்திருந்த ஐஸ் கட்டிகளுக்கு நடுவே அப்படியே போட்டார். நான் ஒன்றுமே செய்யவில்லை. அன்று என் இரண்டு கைகளும் சும்மா தொங்கிக்கொண்டிருந்த நினைவுதான் பிற்பாடு என்னை முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்பியது; இப்போது நான் அதைப் பிறருக்குக் கற்றுக்கொடுக்கிறேன்.

அந்த அண்ணனுக்கு நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும் என்பதிலிருந்தே தொடங்குகிறேன். முதலில் அவரை உட்கார வைத்து அல்லது படுக்க வைத்து, சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தியபடி கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்திப் பிடித்திருக்க வேண்டும். இரத்தம் நின்றுவிட்டதா என்று நொடிக்கொரு தரம் துணியைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. தூக்கும்போதெல்லாம் உறையத் தொடங்கிய இரத்தம் கலைந்துவிடும். துணி நனைந்துவிட்டால் அதன் மேலேயே இன்னொரு துணியை வைத்து இன்னும் பலமாக அழுத்த வேண்டும். காப்பித் தூள், மஞ்சள் தூள், புகையிலை ஆகியவை காயத்தை அழுக்காக்கி மருத்துவரின் வேலையைக் கடினமாக்குமே தவிர வேறு பயன் தராது.

[காட்சி: மேசை மேல் ஈரத் துணி, இரண்டு பிளாஸ்டிக் பைகள், ஐஸ்.]

துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து வாயை இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பைக்குள் வைப்பதே முறை. ஐஸ் நேரடியாகப் பட்டால் தசை உறைந்து கெட்டுப்போகும்; பிறகு எந்த அறுவை மருத்துவராலும் அதைப் பொருத்த முடியாது. பையின் மேல் பெயரையும் விபத்து நடந்த நேரத்தையும் எழுதி, காயம்பட்டவரோடு அதே வண்டியில் அனுப்ப வேண்டும். அழுத்தியும் நிற்காமல் கை அல்லது காலிலிருந்து இரத்தம் பீறிட்டால், அதற்கென்றே உள்ள இறுக்குப் பட்டையைக் காயத்துக்கு மேலே நான்கு விரல் அளவு தள்ளி, மூட்டின் மேல் விழாதபடி, இரத்தம் நிற்கும் வரை இறுக்கி, இறுக்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு மருத்துவமனை சேரும் வரை அதைத் தளர்த்தக் கூடாது.

[காட்சி: தொழிற்சாலை வாயிலில் கைப்பேசியோடு ஒருவர்.]

மலேசியாவில் ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ் ஆகிய மூன்றுக்கும் எண் 999 தான். எண்ணை எல்லோரும் அறிவார்கள், தடுமாறுவது முகவரியில்தான். பிறைப் பக்கம் வேலை செய்பவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும்: லோரோங் பெருசாஹாஆன் மாஜு, லோரோங் பெருசாஹாஆன் பாரு, லோரோங் பெருசாஹாஆன் உத்தாமா என்று ஒன்றைப் போலவே இன்னொன்று ஒலிக்கும் சாலைப் பெயர்கள், அவற்றின் பின்னால் வரிசையாக எண்கள். பதற்றத்தில் ஒரு சொல் மாறினால் ஆம்புலன்ஸ் அடுத்த தொழிற்பேட்டைக்குள் நுழைந்து சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே முழு முகவரியையும், எந்த வாயில் வழியாக வர வேண்டும் என்பதையும், அருகிலுள்ள அடையாளம் ஒன்றையும் மலாய் மொழியில் பெரிய எழுத்தில் எழுதி, ஒவ்வொரு தொலைபேசியின் அருகிலும், ஒவ்வொரு முதலுதவிப் பெட்டியின் மூடியிலும் ஒட்டி வையுங்கள். அழைத்தவர் தாமாகத் தொடர்பைத் துண்டிக்கக் கூடாது. ஒருவர் வாயிலுக்கு ஓடிப் போய் நின்று ஆம்புலன்ஸுக்குக் கை காட்ட வேண்டும். காவலர் அறையில் அடையாள அட்டையைப் பதிவு செய்யச் சொல்லி ஆம்புலன்ஸையே நிறுத்திவைத்த வாயில்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காவலருக்கும் பயிற்சி தேவை.

[காட்சி: பயிற்சி அறை. தரையில் செயற்கை மார்புடன் கூடிய பொம்மை.]

இனி நெஞ்சழுத்தம். இதற்கு மட்டும் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். இதயம் நின்றுபோன ஒருவரின் மூளை, பிராணவாயு இல்லாமல் நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் பாதிப்படையத் தொடங்கும். நெஞ்சழுத்தமும் மின்னதிர்ச்சியும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. மாலை ஐந்தரை மணிக்குப் பினாங்குப் பாலத்தை நோக்கி நகரும் வாகன வரிசையைப் பார்த்தவர்களுக்கு, அந்த நிமிடங்களுக்குள் ஆம்புலன்ஸ் வந்து சேருவது எவ்வளவு அரிது என்பது தெரியும். அந்த நேரத்தில் விழுந்தவருக்கு இருக்கும் ஒரே துணை, அவருக்குப் பக்கத்தில் வேலை செய்பவர்தான்.

விழுந்தவரின் தோளைத் தட்டி உரக்கக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். பத்து நொடிக்கு மேல் அதற்குச் செலவிட வேண்டாம். இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். இதயம் நின்ற பிறகும் சிலருக்கு வாய் திறந்து திறந்து மூடும், விட்டுவிட்டு ஒரு இழுப்பு வரும், குறட்டை போல ஓசை கேட்கும். ‘மேல்மூச்சு வாங்குகிறது, உயிர் இருக்கிறது’ என்று சொல்லிச் சுற்றி நின்று காத்திருப்பார்கள். சிலர் வாயில் தண்ணீர் ஊற்றுவார்கள், அது நுரையீரலுக்குள் போகும். அந்த இழுப்பு மூச்சாகாது. அதைக் கண்டவுடன் அழுத்தத் தொடங்க வேண்டும்.

நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், மார்பின் நடுவே, ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன் மேல் மறு கையைக் கோர்த்து, முழங்கை மடங்காமல், தோளின் பாரத்தை இறக்கி அழுத்துங்கள். ஆழம் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் 6-ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் மார்பு முழுதாக மேலே எழ விடுங்கள், அப்போதுதான் இதயத்தில் மீண்டும் இரத்தம் நிரம்பும். எங்கள் பயிற்சிப் பொம்மையின் உள்ளே ஒரு விசை உண்டு. சரியான ஆழம் தொட்டால் ‘டக்’ என்று ஒலிக்கும். முதல் முறை அழுத்துகிறவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த ஓசை வருவதில்லை, ஏனென்றால் மனிதரை அவ்வளவு பலமாக அழுத்த நம் கை தயங்குகிறது. கம்பிச் சுருளின் எதிர்ப்பை உள்ளங்கை உணர்ந்து, ‘டக்’ ஓசை கேட்டு, நெற்றியில் வியர்வை துளிர்த்த பிறகே அந்தத் தயக்கம் போகும். காணொளி பார்த்து இதைக் கற்க முடியாது. இந்த வீடியோவைப் பார்த்தும் முடியாது. பொம்மையின் முன் முட்டி போட்டு உட்கார வேண்டும்.

தமிழில் எண்ணுகிறவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. முப்பது வரை நேராக எண்ணினால் ‘பதினொன்று’, ‘இருபத்தேழு’ போன்ற நீண்ட சொற்கள் கையின் வேகத்தை இழுத்துவிடும். ஒன்று முதல் பத்து வரை மூன்று முறை எண்ணுங்கள், தாளம் கெடாது. முப்பது அழுத்தத்துக்குப் பின் பயிற்சி உள்ளவர் இரண்டு முறை வாய்வழியாக மூச்சு கொடுக்கலாம். பயிற்சியோ விருப்பமோ இல்லாதவர் அழுத்தத்தை மட்டும் நிறுத்தாமல் தொடர்ந்தால் போதும். இரண்டு நிமிடத்தில் யாருக்கும் கை தளரும், எனவே ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். மார்பின் மேல் கை வைத்து அழுத்தும் முறை மருத்துவ உலகில் பரவியதே 1960-ஆம் ஆண்டுக்குப் பிறகுதான். கௌவன்ஹோவன், நிக்கர்பாக்கர், ஜூட் ஆகிய மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் அந்த ஆண்டு தங்கள் கட்டுரையில், இதற்குத் தேவையானவை இரண்டு கைகள் மட்டுமே என்ற பொருளில் எழுதினார்கள்.

[காட்சி: சுவரிலிருந்து ஏ.இ.டி. கருவியை எடுக்கும் கை.]

ஏ.இ.டி. எனப்படும் தானியங்கி மின்னதிர்ச்சிக் கருவி இருந்தால் உடனே கொண்டுவரச் செய்யுங்கள். மூடியைத் திறந்து இயக்கினால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கருவியே பேசும். மார்பில் வியர்வையைத் துடைத்துவிட்டுப் பட்டைகளை ஒட்ட வேண்டும். விழுந்தவர் பெண்ணாக இருந்தால் ஆண்கள் தயங்கிப் பின்வாங்குவதைப் பயிற்சி அறையிலேயே பார்க்கிறேன். சக ஊழியர்கள் துணி பிடித்து மறைத்து நிற்கட்டும், பட்டையை ஒட்டுங்கள். கூச்சத்துக்காக ஒரு தங்கையின் உயிர் போகக் கூடாது. சட்டத்தை நினைத்து அஞ்சுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 92-ஆவது பிரிவு, சம்மதம் கேட்க இயலாத நிலையில் இருப்பவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்யப்படும் செயலை, உரிய வரம்புகளுக்கு உட்பட்டு, குற்றமாகக் கருதுவதில்லை.

[காட்சி: தொழிற்சாலைச் சமையற்கூடம், திறந்த குழாய்.]

தீக்காயத்துக்கும் வெந்நீர்க் காயத்துக்கும் குழாய்த் தண்ணீரே மருந்து. இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டி, மோதிரம், வளையல், கடிகாரம் ஆகியவற்றை வீங்கும் முன் கழற்றிவிட வேண்டும். பற்பசை, கிச்சாப்பு, ஐஸ் எதுவும் வேண்டாம். கண்ணிலோ தோலிலோ இரசாயனம் பட்டாலும் முதல் வேலை நிறையத் தண்ணீர்தான். அந்த இரசாயனத்தின் பாதுகாப்புத் தகவல் தாளை மருத்துவமனைக்கு உடன் கொண்டுபோக மறக்க வேண்டாம். வலிப்பு வந்தவரின் கையில் சாவியைத் திணிப்பதும் வாயில் கரண்டியை வைப்பதும் நம்மவர்களிடம் இன்னும் இருக்கிறது. தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, சுற்றியுள்ள பொருள்களை நகர்த்தி, நேரத்தைப் பார்த்துக்கொண்டு, வலிப்பு நின்றதும் அவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் 999.

[காட்சி: மூடி திறந்த நிலத்தடித் தொட்டி. சுற்றிலும் எச்சரிக்கை நாடா.]

இனிச் சொல்லப்போவதை, ஓடிப் போய் உதவும் குணம் உள்ளவர்கள் கவனமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் ஆபத்து அவர்களுக்குத்தான். கழிவுநீர்த் தொட்டி, எண்ணெய்த் தொட்டி, நிலத்தடிக் குழி ஆகியவற்றுக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால், அவரைத் தூக்க இறங்குபவரும் அதே காற்றைத்தான் சுவாசிப்பார். அடைபட்ட இடங்களுக்கான மலேசிய நடைமுறை விதிகள், உள்ளே பிராணவாயு 19.5 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்கின்றன. அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்பைடு அளவு மீறினால் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கும்போது அது உச்சத்தில் இருக்கக்கூடும். ஒருவர் பின் ஒருவராக இறங்கி எல்லோருமே இறந்துபோன விபத்துகள் உலகெங்கும் நடந்திருக்கின்றன. இறங்காதீர்கள். வெளியிலிருந்து கயிற்றால் இழுக்க முடிந்தால் இழுங்கள், காற்றை உள்ளே செலுத்துங்கள், தீயணைப்புத் துறையை அழையுங்கள். மின்சாரம் தாக்கியவரிடமும் அவசரப்பட்டு ஓடாதீர்கள். மெயின் சுவிட்சை அணைத்த பிறகுதான் அவர் உடலைத் தொட வேண்டும்.

[காட்சி: தொழிற்கூடச் சுவரில் ஒட்டப்பட்ட அறிவிப்புகள்.]

1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. தொழிற்சாலை மட்டுமன்றிக் கடை, உணவகம், அலுவலகம் என மிகப் பெரும்பாலான வேலையிடங்கள் இப்போது அதற்குள் அடங்குகின்றன. பாதுகாப்பு அதிகாரியை நியமிக்க வேண்டிய கடப்பாடு இல்லாத முதலாளியும், ஐந்து பேருக்குக் குறையாத ஊழியர்கள் இருந்தால், அவர்களில் ஒருவரைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக நியமிக்க வேண்டும். ஊழியர் பாதுகாப்பில் கடமை தவறும் முதலாளிக்கு 500,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஏழெட்டுப் பேரை வைத்து உணவகம் நடத்தும் ஐயாமார்கள் ‘இதெல்லாம் பாயான் லெப்பாஸ் பெரிய கம்பெனிகளுக்குத்தானே’ என்று என்னிடம் கேட்பதுண்டு. கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியும் வழுக்கும் தரையும் உள்ள சமையற்கட்டு எந்தத் தொழிற்சாலைக்கும் ஆபத்தில் குறைந்ததன்று.

பயிற்சியை மலேசியச் செம்பிறைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் முதலிய அமைப்புகள் வழங்குகின்றன. ஆள் அனுப்பும்போது அலுவலகத்தில் இருப்பவர்களை மட்டும் அனுப்பிச் சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டுவது என் பார்வையில் பணத்தை வீணாக்குவது. இரவு ஷிப்டில் யார் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் யார் செய்கிறார்கள் என்று பட்டியலைப் பார்த்து, ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஆள் இருக்கும்படி அனுப்புங்கள். நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து இயந்திரத்தின் முன் நிற்பவர்களுக்கு, அவர்கள் மொழி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்தாவது பயிற்சி கொடுங்கள்.

[காட்சி: ஆம்புலன்ஸ் கதவு மூடப்படுகிறது.]

ஆம்புலன்ஸ் வந்ததும் நான்கு செய்திகளைச் சொல்ல வேண்டும்: என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, என்ன செய்தீர்கள், அதன் பின் அவர் நிலை எப்படி மாறியது. விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள், ஊழியர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். தாமதித்தால் காயம்பட்டவரின் இழப்பீடுதான் இழுபடும். நான்கு நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாத காயமென்றால் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்கு உடனடியாகத் தகவலும் ஏழு நாளுக்குள் எழுத்து மூல அறிக்கையும் போக வேண்டும். முதலுதவி செய்தவரை அன்றே மீண்டும் இயந்திரத்தின் முன் நிறுத்தாதீர்கள். அவருக்குக் கை நடுக்கம் அடங்கவில்லை, இரவில் தூக்கம் வரவில்லை என்றால், உட்கார வைத்துப் பேசக் கேளுங்கள். பெட்டியிலிருந்து எடுத்த கட்டுத்துணிக்கு ஈடாகப் புதியதை அன்றைக்கே வைத்து, கையுறையை எண்ணிப் பார்த்து, தேதியை எழுதி, பூட்டாமல் மூடி வையுங்கள்.