சலத்தில் கிருமி, மூளையில் குழப்பம்: ஒரு சந்தேகத்துக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. "அம்மம்மாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. காய்ச்சல் வந்து, சலத்தில் (சிறுநீரில்) கிருமி என்றார்கள். ஒரே ராத்திரியில் ஆளே மாறிவிட்டா. என்னையே யாரென்று கேட்கிறா, செத்துப்போன அம்மப்பா வாசலில் நிற்கிறார் என்கிறா. கிருமி மூளைக்கு ஏறிவிட்டதா, இல்லை அறளை பெயர்ந்துவிட்டதா? மஞ்சள் பால் கொடுக்கலாமா?"

பெரும்பாலும் கிருமி மூளைக்கு ஏறியதும் இல்லை, அறளை என்கிற முதுமை மறதி நோயும் இல்லை, தங்கச்சி. கிருமி மூளைக்குப் போகாமலே இது நடக்கும். பக்கத்து வளவுச் சண்டை வேலிக்கு மேலால் கதையாக வந்து நம் வீட்டைக் குழப்புவது மாதிரி, போவது செய்தி மட்டும்தான். கிருமியைக் கண்ட நோயெதிர்ப்புக் கலங்கள் சைட்டோகைன் என்ற சிறு புரதங்களைக் குருதியில் விடுகின்றன. இன்டர்லியூக்கின்-1, இன்டர்லியூக்கின்-6, டி.என்.எஃப் எல்லாம் இந்தக் கூட்டம்தான். மூளையின் குருதிக் குழாய்ச் சுவர் கண்டதையும் உள்ளே விடாது. ஆனால் அந்தச் சுவரின் கலங்களே சைட்டோகைனை உணர்ந்து, உட்பக்கமாகப் புரொஸ்டாகிளாண்டின் என்ற செய்திப் பொருளைச் சுரக்கும். காய்ச்சல் வருவதே அதனால்தான். நெஞ்சு, வயிற்று உறுப்புகளை மூளையோடு இணைக்கிற வேகஸ் நரம்பு வழியாகவும் தகவல் போகும்.

உள்ளே அதை வாங்குவது மைக்ரோகிளியா, மூளையின் காவல் கலம். சும்மா இருக்கிற நேரத்தில் மெல்லிய கிளைகளை நீட்டி நீட்டிச் சுற்றுப்புறத்தைத் தடவிக்கொண்டே இருக்கும். செய்தி வந்ததும் கிளைகளைச் சுருக்கி, உடம்பு பருத்து, தானே சைட்டோகைன் விடத் தொடங்கும். அப்புறம் பக்கத்திலுள்ள ஆஸ்ட்ரோசைட்டும் மாறும். நரம்புக்கலத்தைப் பராமரிக்கிற கலம் அது. மைக்ரோகிளியா விடும் இன்டர்லியூக்கின்-1 ஆல்பா, டி.என்.எஃப், சி1க்யூ என்ற இன்னொரு நோயெதிர்ப்புப் புரதம் மூன்றும் சேர்ந்தால் அது பராமரிப்பை விட்டு, நரம்புக்கலத்தையே கொல்லும் நிலைக்குப் போகிறது என்று 2017இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆய்வுகூடத்தில் எலிக் கலங்களில் பார்த்தது, அம்மம்மாவுக்கு அப்படியே நடக்கிறது என்று எடுக்க வேண்டாம். இளம் வயதில் இன்டர்லியூக்கின்-10 போன்றவை வந்து எல்லாவற்றையும் அடக்கிவிடும். வயது போன மூளையில் மைக்ரோகிளியா முன்கூட்டியே உசாராக இருக்கும். சின்னச் செய்திக்கும் பெரிதாக எகிறும், அடங்கவும் நாள் எடுக்கும். அந்தக் கொந்தளிப்பில்தான் ஆள் குழம்புவது.

அப்போ சைட்டோகைனை மறித்துவிட்டால் சரியா? அவ்வளவு லேசில்லை. மூளை, முண்ணாண் நரம்புகளின் உறை தேயும் எம்.எஸ். நோயாளர்களுக்கு டி.என்.எஃப்பை மறிக்கும் லெனெர்செப்ட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1999இல் முடிவு வெளிவந்தது: நோய் கூடியது. அதே டி.என்.எஃப், கலத்தின் மேலே செய்தியை ஏற்கிற இன்னொரு வாங்கியில் போய் ஒட்டினால், உறையைத் திருத்தவும் உதவுகிறது.

இனி அம்மம்மா விசயம். அறளை மாதக்கணக்கில், வருசக்கணக்கில் மெல்ல வரும். ஒரே ராத்திரியில் வந்தால் அது அவசரம், உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள். குருதியில் உப்புக் குறைவு, பக்கவாதம், குடிக்கிற மருந்து என்று வேறு காரணங்களும் பார்க்க வேண்டும். நீங்களாக நித்திரைக் குளிசை கொடுக்காதீர்கள், குழப்பம் கூடும். கண்ணாடியைப் போட்டுவிடுங்கள், தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். கிருமி போன பிறகும் தெளியச் சிலருக்குக் கிழமைக்கணக்கு ஆகும்.

மஞ்சள் பாலா? அதிலுள்ள குர்குமின் குருதியில் சேருவதே மிகக் கொஞ்சம். ஆசைக்குக் கொடுக்கலாம், ஆனால் ஆள் நல்ல முழிப்பாக, நிமிர்ந்து இருக்கும்போது மட்டும். அரைத் தூக்கத்தில் பருக்கினால் புரைக்கேறிவிடும்.