தாமஸ் கோல் நின்ற இடங்கள்: கேட்ஸ்கில் மலையில் ஒரு நாள்

நேயர்களுக்கு வணக்கம். நியூயார்க் நகரிலிருந்து வடக்கே காரில் இரண்டரை மணி நேரம் போனால் கேட்ஸ்கில் மலைகள். அமெரிக்க நிலக்காட்சி ஓவியத்தின் பிறப்பிடம் என்றே இந்த மலையைச் சொல்லலாம். இங்கிலாந்தில் பிறந்த தாமஸ் கோல் 1825-இல் ஹட்சன் ஆற்றின் வழியாக இங்கே வந்து வரைந்து திரும்பினார். அந்தப் படங்களிலிருந்து தொடங்கிய மரபுக்கே பின்னாளில் ஹட்சன் ஆற்று ஓவியர் குழு என்று பெயர் வந்தது.

அவருடைய புகழ்பெற்ற படங்கள் பெரும்பாலும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன, மலையில் இருப்பது அவர் பார்த்த இடங்கள் மட்டும்தான். ஆகவே கிளம்பும் முன் ஐந்தாறு படங்களைக் கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள், வரைபடத்தையும் சேர்த்து. பள்ளத்தாக்குக்குள் சிக்னலை நம்ப முடியாது. அந்தந்த இடத்தில் நின்று படத்தை எடுத்துப் பாருங்கள். ஓவியர் எதைச் சேர்த்தார், எதை நீக்கினார் என்று தெரியும். இந்தப் பயணத்தின் சுவையே அதில்தான் இருக்கிறது.

வரிசையை வெளிச்சம் தீர்மானிக்கட்டும். மலை விளிம்பு கிழக்கு பார்த்தது, அதற்குக் காலை. ஆற்றுக்கு அக்கரையிலுள்ள ஒலானா, அதாவது ஓவியர் பிரெடரிக் சர்ச்சின் வீடு, மேற்கு பார்த்தது, அதற்கு மாலை. பலர் ஒலானாவைக் காலையில் முடித்துவிட்டு மதியம் மலை ஏறுகிறார்கள். அதற்குள் கேட்டர்ஸ்கில் அருவியின் வாகன நிறுத்தம் நிரம்பிவிடும், மலை விளிம்பிலும் வெயில் முதுகுப் பக்கம் போய்விடும்.

87-ஆம் நெடுஞ்சாலையில் 20-ஆவது வெளியேறும் வழியில் இறங்கி, பாலன்வில் ஊர் வழியாக 23ஏ சாலையில் ஏறுங்கள். ஹெய்ன்ஸ் பால்ஸ் ஊரில் வலப்பக்கம் திரும்பினால் வடக்கு-தெற்கு ஏரி முகாம். பருவகாலத்தில் நுழைவுக் கட்டணம் உண்டு. ஏரிக்கரையிலிருந்து சிறிது தூரம் நடந்தால், 1824-இல் திறந்த கேட்ஸ்கில் மவுண்டன் ஹவுஸ் விடுதி நின்ற பாறை விளிம்பு வரும். சிதைந்து கிடந்த அந்த விடுதியை 1963-இல் மாநில அரசே கொளுத்தி அகற்றியது. இப்போது வெறும் புல்வெளிதான், ஆனால் கீழே விரியும் ஹட்சன் சமவெளி அப்படியே இருக்கிறது. நடக்க முடிந்தவர்கள் நீல நிற அடையாளமிட்ட பாதையில் வடக்கே போய், மஞ்சள் கிளைப்பாதையில் சூரியாஸ்தமனப் பாறைக்குப் போகலாம். போக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வடக்கு ஏரி, தெற்கு ஏரி இரண்டையும் விடுதியையும் சேர்த்து கோல் 1844-இல் வரைந்த காட்சி இந்தப் பக்கத்து உயரத்திலிருந்து பார்த்ததுதான். இப்போது அந்த ஏரிகள் ஒன்றாகிவிட்டன.

அடுத்து கேட்டர்ஸ்கில் அருவி. இரண்டு தட்டுகளாக 260 அடி விழுகிறது. மேலே கெட்டியான மணற்கல், கீழே சீக்கிரம் உதிரும் செந்நிறக் களிப்பாறை. கீழ்ப்பாறை முதலில் கரைவதால் மேல் தட்டுக்குப் பின்னால் பெரிய குடைவு உண்டாகியிருக்கிறது. அந்தக் குடைவுக்குள்ளிருந்து வெளியே பார்ப்பதுபோல் கோல் 1826-இல் ஒரு படம் வரைந்தார். நீங்கள் அங்கே போக முயல வேண்டாம். ஈரப்பாசியில் கால் வைத்தோ, உதிரும் பாறையை நம்பியோ இந்த அருவியில் உயிரிழந்தவர்கள் உண்டு. அநேகமாக விபத்து எல்லாமே பாதையை விட்டு விலகியதால் வந்தவை.

23ஏ சாலையின் கொண்டை ஊசி வளைவில் கீழ்ப்பாதை தொடங்குகிறது. அதற்கான வாகன நிறுத்தம் சற்றுத் தள்ளி மேலே இருப்பதால், ஓரமே இல்லாத சாலையில் கார்களுக்கு நடுவே நடக்க வேண்டும். குழந்தைகளோடு வருபவர்களுக்கு அது வேண்டாத வேலை. மேலே லாரல் ஹவுஸ் சாலையில் நிறுத்துங்கள். சமமான சிறு நடையிலேயே பார்வை மேடை வந்துவிடும், பெரியவர்களுக்கு அதுவே போதும். மற்றவர்கள் அங்கிருந்து பாதையிலும் கற்படிகளிலும் இறங்கலாம். திரும்பும்போதுதான் ஏற்றம் என்பதை நினைவில் வைத்துத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். அருவி நிறைந்து விழுவது பனி உருகும் ஏப்ரல், மே மாதங்களில், அல்லது நல்ல மழைக்கு மறுநாள். ஆகஸ்டில் நூல்போல் மெலியும். அக்டோபரில் இலை நிறம் மாறும்போது வார நாளில் காலை 9 மணிக்குள் வந்துவிடுங்கள். குளிர்காலத்தில் படிகள் பனிக்கட்டியாகிவிடும், காலணியில் மாட்டும் முள்பட்டை இல்லாமல் இறங்கக் கூடாது.

கோல் வரைந்த காலத்திலேயே இங்கே பயணிகளுக்கான மேடையும் கைப்பிடியும் வந்துவிட்டன. 1826-ஆம் ஆண்டின் இன்னொரு படத்தில் அவர் அவற்றைத் துடைத்துவிட்டு, அருவி நடுவே தனியாக ஒரு பூர்வகுடி மனிதனை நிறுத்தினார். யாரும் தொடாத காடு என்று நாம் நம்புவதை அவர் யோசித்தே உண்டாக்கினார். இன்னொரு ஓவியரான ஆஷர் டூராண்டும் இப்படிக் காட்சியை மாற்றியமைத்தார். கோல் இறந்த மறு ஆண்டு, 1849-இல், கோலும் கவிஞர் பிரையன்ட்டும் பாறை விளிம்பில் நிற்பதாக அவர் வரைந்த படத்தில் கேட்டர்ஸ்கில் அருவியும் பள்ளத்தாக்கும் ஒரே பார்வைக்குள் வருகின்றன. மலையில் எங்கே நின்றாலும் அந்தக் காட்சி அப்படிக் கிடைக்காது, தேடி அலையாதீர்கள்.

23ஏ வழியாகவே இறங்கினால் கேட்ஸ்கில் ஊர். கோல் வாழ்ந்து, 1848-இல் இறந்த வீடு அங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது. தாழ்வாரத்தில் நின்று மேற்கே பாருங்கள், காலையில் நீங்கள் நின்ற மலை தெரியும்.

பிறகு ரிப் வான் விங்கிள் பாலத்தைக் கடக்க வேண்டும். கிழக்கே போகும்போது மட்டும் சுங்கம். கோலின் மாணவர் பிரெடரிக் சர்ச் 1870-களின் தொடக்கத்தில் குன்றுச்சியில் கட்டிய வீடுதான் ஒலானா. வீட்டுக்குள் போக முன்பதிவு செய்வது நல்லது, தோட்டத்தில் நடக்கலாம். வண்டிப்பாதைகள், மரக்கூட்டங்கள், கீழே வெட்டிய ஏரி எல்லாவற்றையும் சர்ச் படம் வரைவதுபோலவே அமைத்தார். அந்த ஏரிக்கு அப்பால் ஹட்சன் ஆறு அகன்று விரிவதையும் அதற்குப் பின்னால் கேட்ஸ்கில் மலை கருநீலமாவதையும் பார்க்க, சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்பே தென்புறச் சரிவில் இடம் பிடியுங்கள்.