ஜாமீன் பணம் அபராதம் அன்று

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூர் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்தில் குற்றவியல் வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர் என்ற முறையில், மதுபோதையில் வண்டி ஓட்டிப் பிடிபட்டவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் அடுத்து என்ன நேரும் என்பதைச் சொல்ல வந்திருக்கிறேன்.

"அபராதம் கட்டினால் விட்டுவிடுவார்கள்" என்ற பேச்சை நம் வீடுகளில் இன்றும் கேட்கிறேன். முன்பு பலருக்கு அப்படித்தான் முடிந்தது. ஆனால் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் 2020 அக்டோபர் 23 அன்று நடப்புக்கு வந்தபின், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்றிருந்த மதுவின் வரம்பு 50 ஆகவும், மூச்சில் 35 மைக்ரோகிராம் என்றிருந்தது 22 ஆகவும் குறைந்துவிட்டது. வரம்பைத் தாண்டி ஓட்டியவருக்கு, யாருக்கும் ஒரு கீறல்கூட விழாதிருந்தாலும், முதல் குற்றத்திற்கே 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதமும் ஈராண்டு வரை சிறையும் உண்டு. அபராதம் அல்லது சிறை என்று சட்டம் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு லைசென்ஸும் போய்விடும். உயிர்ச்சேதம் நேர்ந்திருந்தால் சிறைத்தண்டனை பத்து ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறது.

செந்தூலில் லோரி ஓட்டிப் பிழைத்த ஒருவர், திருமண விருந்து முடிந்து நள்ளிரவில் திரும்பும்போது சாலைத் தடுப்புச் சோதனையில் சிக்கினார். மறுநாள் அவர் மனைவி கழுத்துச் சங்கிலியை அடகுக்கடையில் வைத்து ஜாமீன் கட்டி அவரை வீட்டுக்கு அழைத்துச் சென்றார். சில வாரங்கள் கழித்து அந்த மனைவி என்னிடம் வந்தபோது, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் நான்காக மடித்து வைத்திருந்த ஜாமீன் ரசீதை எடுத்து நீட்டி, "அபராதம் கட்டிவிட்டோமே ஐயா, பிறகு ஏன் தேடி வருகிறார்கள்?" என்று கேட்டார். கணவர் அடுத்த தேதிக்கு நீதிமன்றம் போகவில்லை. கைது ஆணை பிறந்துவிட்டது.

இந்தக் குழப்பத்தை நான் பலமுறை பார்த்துவிட்டேன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். ஜாமீன் என்பது குறித்த நாளில் வந்து நிற்பேன் என்பதற்கான உறுதிப் பணம். அதைக் கட்டியதால் வழக்கு முடிவதில்லை. வராமல் போனால் அந்தப் பணமும் பறிபோகலாம். இரத்த மாதிரி எடுக்கப்பட்டிருந்தால் இரசாயனத் துறையின் அறிக்கை வரும்வரை குற்றச்சாட்டே பதிவாகாமல் இருக்கக்கூடும். அந்த அமைதியைப் பார்த்து வழக்கு கைவிடப்பட்டது என்று எண்ணிவிட வேண்டாம்.

பிடிபட்ட இரவில் பதற்றத்தில் செய்யும் காரியங்கள் நிலைமையை மேலும் கெடுக்கின்றன. தகுந்த காரணமின்றி மூச்சு, இரத்த மாதிரி தர மறுப்பது தனிக்குற்றம். அதிகாரியிடம் பணம் நீட்டுவது ஊழல் தடுப்புச் சட்டத்தின்கீழ் வேறொரு குற்றம். தம்பிதான் ஓட்டினான் என்று பொய் சொல்ல வைத்தால் தம்பியும் மாட்டிக்கொள்கிறான். கைதானவருக்கு உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்புகொள்ளும் உரிமை உண்டு. அதைப் பணிவாகக் கேட்டுப் பெறுங்கள்.

குற்றத்தை ஒப்புக்கொள்வதே சரியாக இருக்கும் வழக்குகளும் உண்டு. ஒப்புக்கொள்வதை நீதிமன்றம் கருணையோடு பார்ப்பதும் உண்டு. ஆனாலும் அறிக்கையைப் படிக்காமல், வேலைக்கு நேரமாகிறது என்பதற்காகத் தலையாட்டிவிடாதீர்கள். ஒரே நாள் சிறையானாலும் அது குற்றப் பதிவு. மீண்டும் பிடிபட்டால் அபராதம் 20,000 ரிங்கிட்டில் தொடங்கும். சிறை ஐந்தாண்டு வரை போகலாம். ஓட்டுநர் தொழிலில் இருப்பவருக்கு லைசென்ஸ் பறிபோவது அபராதத்தைவிடப் பெரிய அடி. மேலும், போதையில் ஓட்டிய வண்டியின் சேதத்திற்குக் காப்புறுதி நிறுவனம் பொதுவாக இழப்பீடு தருவதில்லை. கார்க் கடனை மட்டும் மாதாமாதம் கட்டியாக வேண்டும்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லாத குடிமக்கள், வருமான வரம்புக்கு உட்பட்டு, தேசிய சட்ட உதவி அறவாரியத்தை நாடலாம். கைதான கட்டத்திலேயே அதன் வழக்கறிஞர்கள் உதவுவார்கள். ஜாமீன் கட்டிவிட்டு நீதிமன்றத்திலிருந்து வெளியேறும்முன், அடுத்த தேதி எது, எந்த அறை என்று கேட்டு, அந்த ரசீதின் பின்புறத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.