மீன் கூடையும் கடல் கணக்கும்

நேயர்களுக்கு வணக்கம். மும்பைத் தமிழர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை விடியலில் சசூன் டாக் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய், மீனவச் சமூகமான கோலிப் பெண்களின் கூடைகளுக்கு முன் குனிந்து நின்று, அரைகுறை மராத்தியில் பேரம் பேசியவர்கள்தாம். அந்தக் கூடையில் எந்த மீன் எவ்வளவு கிடந்தது என்று ஒருவர் நாள் தவறாமல் எழுதிவைத்தால், கண்ணுக்குத் தெரியாத கடலையே அதிலிருந்து கணக்கிடலாம்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் கதை ஒன்று உண்டு. என் மாணவர்கள் கேட்டுச் சலித்த கதை. இத்தாலிய உயிரியலாளர் உம்பெர்த்தோ டான்கோனா, ஏட்ரியாட்டிக் கடலோரச் சந்தைகளின் பழைய பதிவுகளைப் புரட்டினார். ஃபியூமே துறைமுகத்தில் 1914-இல் வந்திறங்கிய மீன்களில் சுறா, திருக்கை போன்ற, பிற மீன்களைத் தின்னும் இனங்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 12. 1918-இல் அது 36. 1923-இல் மறுபடியும் 11. இடையில் நடந்தது முதல் உலகப்போர். படகுகள் கடலுக்குப் போவது குறைந்திருந்தது. வலை ஓய்ந்தால் எல்லா மீனும்தானே பெருகவேண்டும், சுறாவுக்கு மட்டும் என்ன சலுகை? இந்தக் கேள்விக்கு, அவருக்கு மாமனாராக வாய்த்த கணித மேதை விட்டோ வோல்டெரா 1926-இல் இரண்டே சமன்பாடுகளில் விடை சொன்னார். தின்னும் மீனையும் தின்னப்படும் மீனையும் வலை சேர்த்து அள்ளும்போது, அள்ளுவது அளவோடு இருக்கும்வரை, தின்னும் மீனின் சராசரி குறைந்து மற்றதன் சராசரி கூடுகிறது. வலை ஓய்ந்தால் தலைகீழாகிறது. மீண்டும் சொல்கிறேன்: வலை ஓய்ந்தபோது பங்கு கூடியது சுறாவுக்கு. வெறும் ஊகத்தால் இதை எட்டியிருக்க முடியாது.

கணினி வந்தபின், சமன்பாட்டில் இருந்த இரண்டு இனம் நூறாயிற்று. ஹவாய்ப் பவளத்திட்டு ஒன்றுக்காக ஜெஃப்ரி பொலோவினா 1984-இல் வெளியிட்ட ஈகோபாத் என்னும் கணினிக் கணக்கு மாதிரி, நம் வீட்டு வரவுசெலவு நோட்டுப் போன்றதே: ஓர் இனம் எவ்வளவு வளர்கிறது, அதில் எது எவ்வளவைத் தின்கிறது என்று எழுதினால் இரு பக்கமும் நேராகவேண்டும், நேராகாவிட்டால் எதையோ எண்ணத் தவறிவிட்டோம். பின்னர் வந்த ஈகோசிம், படகைக் குறைத்தால் சில ஆண்டுகளில் என்னவாகும் என்று ஓடவிட்டுப் பார்க்க உதவுகிறது.

என் மனக்குறை ஒன்று. இராமநாதபுரம் பக்கம் சங்காயம் என்பார்களே, வலையோடு வந்த விரல்நீளக் குஞ்சுகள், அவை காய்ந்து கோழித் தீவனத்துக்குப் போய்விடுகின்றன. இனம் பிரித்து எண்ணுவார் இல்லாததால், ஏட்டில் விழுந்த அந்த ஓட்டை அப்படியே கணினிக்குள்ளும் போகிறது. பிறகு மாதிரியைக் குறை சொல்கிறோம்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஐதராபாத்தின் இன்காய்ஸ் என்னும் கடல் தகவல் மையம், செயற்கைக்கோள் காட்டும் கடல்வெப்பத்தையும் பச்சையத்தையும் கொண்டு மீன் கூடும் இடங்களை மீனவர்க்கு அறிவிப்பதைப் பெயரளவில்தான் சொல்ல முடிகிறது. மழைக்கால மீன்பிடித் தடையை எத்தனை நாள் வைப்பது என்பதற்கும் இதே வகைக் கணக்கு உதவும். அதற்கு இன்னொரு நாள் அழைத்தால் வருவேன். வணக்கம்.