பிறந்தபோது வேறு பெயர்: இந்த அமெரிக்கத் தலைவர்கள் யார் யார்?

வணக்கம். இன்றைக்கு ஒரு விளையாட்டு. அமெரிக்க அரசியலில் பெரிய இடத்துக்கு வந்த ஒருவரின் பிறந்த பெயரைச் சொல்வேன். ஆள் யார் என்று நீங்கள் சொல்ல வேண்டும். யோசிக்க நேரம் வேண்டுமென்றால் வீடியோவை நிறுத்திக்கொள்ளுங்கள்.

[திரையில்: வில்லியம் ஜெஃபர்சன் பிளைத்]

சுலபமானதில் தொடங்கலாம். 1946-ல் ஆர்கன்சாவில் பிறந்தவர். பிறப்பதற்குச் சில மாதங்கள் முன்பே அப்பா கார் விபத்தில் இறந்துவிட்டார். பதினைந்து வயதில், அம்மா மறுமணம் செய்துகொண்டவரின் குடும்பப் பெயரைத் தானும் எடுத்துக்கொண்டார்.

விடை: பில் கிளின்டன்.

[திரையில்: ஹைரம் யூலிசிஸ்]

இவர் உள்நாட்டுப் போரில் வடக்குப் படைகளின் தளபதி. 50 டாலர் நோட்டில் இவர் முகம் இருக்கிறது.

விடை: யூலிசிஸ் எஸ். கிரான்ட். 1839-ல் வெஸ்ட் பாயின்ட் ராணுவப் பள்ளிக்கு இவரைப் பரிந்துரைத்த காங்கிரஸ் உறுப்பினர் பெயரைத் தவறாக எழுதி அனுப்பிவிட்டார். ஹைரம் போய்விட்டது, எங்கிருந்தோ ஓர் 'எஸ்' வந்து ஒட்டிக்கொண்டது. பள்ளிப் பதிவேட்டில் ஏறியது ஏறியதுதான். யு.எஸ். என்ற முதலெழுத்துகளைப் பார்த்த சக மாணவர்கள் 'அங்கிள் சாம்' (அமெரிக்காவுக்கே உள்ள செல்லப்பெயர்) என்று ஆரம்பித்து, கடைசியில் 'சாம்' என்றே கூப்பிட்டார்கள். 1862-ல் டோனல்சன் கோட்டையை நிபந்தனையற்ற சரணடைதல் கேட்டுப் பிடித்தபோது, அதே இரண்டு எழுத்துக்கு 'அன்கண்டிஷனல் சரண்டர்' என்று பத்திரிகைகள் புது விரிவு கொடுத்தன. யாரோ செய்த எழுத்துப் பிழை ஒரு தளபதியின் புகழுக்கே உதவியிருக்கிறது!

[திரையில்: ஹாரி எஸ். ட்ரூமன்]

இங்கே கேள்வி வேறு. ஆள் யாரென்று தெரியும், 'எஸ்' என்றால் என்ன?

விடை: ஒன்றுமில்லை. ஒரு தாத்தா ஆண்டர்சன் ஷிப் ட்ரூமன், இன்னொரு தாத்தா சாலமன் யங். இருவரில் யாருக்கும் மனக்குறை வரக்கூடாது என்று பெற்றோர் வெறும் எழுத்தோடு நிறுத்திவிட்டார்கள். 1945 ஏப்ரல் 12 அன்று அதிபராகப் பதவிப் பிரமாணம் செய்து வைத்த தலைமை நீதிபதி 'ஹாரி ஷிப் ட்ரூமன்' என்று சொல்ல, இவர் 'ஹாரி எஸ். ட்ரூமன்' என்றே திருப்பிச் சொன்னார்.

[திரையில்: லெஸ்லி லிஞ்ச் கிங்]

எனக்கு ரொம்பப் பிடித்தது இந்தக் கதை. 1913-ல் ஒமாஹாவில் பிறந்தவர். கணவன் அடித்துத் துன்புறுத்தியதால், பிறந்து சில வாரங்கள்கூட ஆகாத குழந்தையோடு அம்மா வீட்டைவிட்டு வெளியேறினார். பிறகு கிராண்ட் ராபிட்ஸ் நகரில் பெயின்ட் வியாபாரம் செய்த ஒருவரை மணந்தார். பையன் அவரையே அப்பா என்று நம்பி வளர்ந்தான்.

பள்ளி நாட்களில் ஓர் உணவகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத ஒருவர் வந்து நின்று, "நான்தான் உன் அப்பா" என்றார். சாப்பிட அழைத்துப்போய், கையில் 25 டாலர் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார். அந்தப் பையன் 1935-ல் சட்டப்படி எடுத்துக்கொண்டது வளர்த்தவரின் பெயரைத்தான்.

விடை: ஜெரால்ட் ஃபோர்டு. 1974-ல் அதிபரானார்.

சரி, இப்போது வேகமாக. பியூஷ் ஜிண்டால்? லூசியானா ஆளுநராக இருந்த பாபி ஜிண்டால். டிவி தொடரில் பார்த்த பையனின் பெயரைச் சின்ன வயதிலேயே தனக்கு வைத்துக்கொண்டார். நிமரதா ரந்தாவா? தென் கரோலினா ஆளுநராக இருந்த நிக்கி ஹேலி. ஜேம்ஸ் டொனால்ட் போமன்? துணை அதிபர் ஜே.டி. வான்ஸ். வளர்ப்புத் தந்தையின் ஹேமல் என்ற பெயரோடும் சில காலம் இருந்தார். வான்ஸ் என்பது தாத்தா பாட்டியின் குடும்பப் பெயர்.

[திரையில்: நடுப்பெயர் தேவி]

இவருடைய அம்மா சியாமளா கோபாலன் சென்னையில் பிறந்தவர். ஆம், கமலா தேவி ஹாரிஸ். தாத்தாவின் ஊர் மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரம். அந்த ஊர்க் கோவிலில் நன்கொடையாளர் கல்வெட்டில் கமலாவின் பெயரும் இருக்கிறது.

கடைசிக் கேள்வி உங்களுக்கு. அதிபர் லிண்டன் ஜான்சனின் மனைவியை ஊரே 'லேடி பேர்ட்' என்றுதான் அழைத்தது. பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் என்ன? தேடிப் பார்க்காமல் சொல்லுங்கள்.