எந்தத் தேதியில் விடுதலை?

அவையோருக்கு வணக்கம்.

1913-இல், பிரெஞ்சு ஆதிக்கத்திலிருந்து நெதர்லாந்து விடுபட்டதன் நூற்றாண்டைக் கொண்டாட டச்சுக்காரர்கள் முனைந்தார்கள். அதற்குத் தாங்கள் அடக்கி ஆண்ட இந்தோனேசிய மக்களிடமே நன்கொடையும் திரட்டினார்கள்! நான் டச்சுக்காரனாக இருந்தால் இப்படியொரு விழா நடத்தமாட்டேன் என்று இந்தோனேசிய விடுதலை இயக்கத்தவரான சுவார்டி சூர்யநிங்ராட் பத்திரிகையில் எழுதினார். நாடு கடத்தப்பட்டார். போய்ச் சேர்ந்த இடம் நெதர்லாந்து. சும்மா இருப்பாரா? ஹேக் நகரில் இந்தோனேசியச் செய்தி நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்.

அடுத்து, நெதர்லாந்தில் படித்த இந்தோனேசிய மாணவர்கள் வந்தார்கள். அவர்களுடைய சங்கமான 'பெர்ஹிம்புனான் இந்தோனேசியா'வின் தலைவர் முகமது ஹட்டாவையும் தோழர்கள் மூவரையும் 1927-இல் டச்சு அரசு சிறையில் அடைத்தது. மறு ஆண்டு மார்ச்சில் ஹேக் நீதிமன்றம் நால்வரையும் விடுவித்தது. ஆள்பவர் ஊரிலேயே நின்று அவர்மீது குற்றம் சாட்டும் வழக்கம் அப்படித்தான் வேரூன்றியது.

இன்று அந்த வழக்கத்தைத் தொடர்பவர்களில் ஒருவர், ஜகார்த்தாவில் பிறந்து நெதர்லாந்தில் வாழும் ஜெஃப்ரி போண்டாக். அவர் தொடங்கிய 'டச்சு மானக்கடன் குழு' என்ன செய்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1947 டிசம்பர் 9. மேற்கு ஜாவாவில் ராவாகெடே என்ற கிராமம். லூகாஸ் குஸ்தாரியோ என்ற கெரில்லாத் தலைவரைத் தேடி டச்சுப் படை நுழைந்தது. அவர் அகப்படவில்லை. ஊர் ஆண்களை வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். செத்தவர்கள் கிராமத்தார் கணக்கில் 431 பேர். டச்சு அரசின் கணக்கில் 150. சடலங்களைப் புதைக்கும் வேலை பெண்கள் தலையில் விழுந்தது.

அந்த விதவைகளில் எஞ்சியிருந்தவர்களுக்காகத்தான் குழு வழக்குத் தொடுத்தது. காலாவதியாகிவிட்டது என்றது அரசு. கணவனைப் பறிகொடுத்தவளுக்கு எது காலாவதி? 2011 செப்டம்பர் 14-இல் ஹேக் நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளி, அரசே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. ஆளுக்கு 20,000 யூரோ இழப்பீடு கிடைத்தது.

வெற்றிதான். ஆனால் அதற்குள் ஒரு முள் இருக்கிறது. சுடப்பட்டவர்களை நெதர்லாந்தின் சொந்தக் குடிகளாகவே தீர்ப்பு கருதியது. இந்தோனேசியா விடுதலையை அறிவித்தது 1945 ஆகஸ்ட் 17. நெதர்லாந்து ஆட்சியுரிமையை ஒப்படைத்தது 1949 டிசம்பர் 27. பின்னதே விடுதலை நாள் என்றால், இடைப்பட்ட ஆண்டுகளின் போர் உள்நாட்டுக் கலகத்தை அடக்கியதாகிவிடும். முன்னது என்றால் அயல்நாட்டின் மீதான படையெடுப்பு. தேதித் தகராறு என்று நம்மில் சிலர் சிரிக்கக்கூடும். எனக்கு இதுதான் வழக்கின் உயிர்நாடி.

2005-இல் டச்சு வெளியுறவு அமைச்சர் பென் போட் ஜகார்த்தாவில் நடந்த விடுதலை நாள் விழாவுக்குப் போனார். 1945-ஐ அரசியல், தார்மிக நோக்கில் ஏற்கிறோம் என்றார். எவ்வளவு அளந்து வைத்த சொற்கள் பாருங்கள்! 2023 ஜூனில் பிரதமர் ருட்டே, அந்த நாளை முழுமையாக, நிபந்தனையின்றி ஏற்பதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அப்படியானால் ராவாகெடேயில் இறங்கியது அந்நியப் படை. மாண்டவர்கள் வேறொரு குடியரசின் மக்கள். 2011 தீர்ப்பில் அவர்களை யாருடைய குடிகள் என்று எழுதினார்களோ, அந்த வரியை இனி யார் திருத்தப்போகிறார்கள்?