விமானப் பயணத்தின் புகைக்கு வேப்பங்கன்று ஈடாகுமா?

(காட்சி: பலாலி ஓடுபாதையிலிருந்து மேலெழும் விமானம். பின்னர், பாடசாலை வளவொன்றில் வரிசையாக நடப்பட்ட வேப்பங்கன்றுகள்.)

வணக்கம். யாழ்ப்பாணத்தில் இயங்கும் ஒரு நிறுவனம், "எங்கள் உத்தியோகத்தர்கள் இவ்வாண்டு அலுவல் நிமித்தம் இலண்டனுக்குப் பறந்தார்கள், அதனால் வெளியான காபனீரொட்சைட்டுக்கு ஈடாகக் கார்த்திகையில் நூறு மரக்கன்றுகளை நட்டோம்" என்று தன் ஆண்டறிக்கையில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். இந்தக் கணக்கு நேராகுமா என்பதை இந்தக் காணொளியில் பார்க்கலாம்.

முதலில் புகையின் பக்கத்தைப் பார்ப்போம். விமான எரிபொருள் என்பது மண்ணெண்ணெயின் ஒரு வகை. அதில் 1 கிலோகிராம் எரியும்போது, காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்ந்துகொள்வதால், 3.16 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. கொழும்புக்கான விமான நிலையம் உள்ள கட்டுநாயக்கவிலிருந்து இலண்டனுக்கு ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். சாதாரண வகுப்பில் போய்வரும் ஒருவரின் பங்கு ஒரு தொன்னை ஒட்டியோ அதற்குச் சற்று மேலாகவோ அமையும். வணிக வகுப்பில் படுத்துறங்கும் இருக்கை பிடிக்கும் இடத்தில் பலர் அமர்ந்து செல்லலாம் என்பதால், அதில் பயணிப்பவரின் பங்கு இதைப்போல மூன்று மடங்காகக் கணக்கிடப்படுகிறது. ஆகவே வணிக வகுப்பில் இலண்டனுக்கு ஒருமுறை போய்வந்தால் 3 தொன் என்று எடுத்துக்கொள்வோம். பலாலியிலிருந்து சென்னைக்குச் செல்லும் சுழல்விசிறி விமானம் கடப்பது ஏறத்தாழ 350 கிலோமீற்றர்தான். இருக்கைகள் நிரம்பியிருந்தால் ஒருவரின் பங்கு சில பத்துக் கிலோகிராமுக்குள் அடங்கிவிடும். எனவே நம் கவனத்துக்கு உரியது நெடுந்தூரப் பயணம்.

(காட்சி: வேப்பமரமொன்றின் அடிமரத்தைச் சுற்றி அளவுநாடா பிடிக்கும் கைகள்.)

இனி மரத்தின் பக்கம். உலர்ந்த மரத்தின் நிறையில் ஏறக்குறையப் பாதி காபன். அந்தக் காபன் முழுவதும் ஒளித்தொகுப்பின் வழியாகக் காற்றிலிருந்து வந்தது. இதன்படி 1 கிலோகிராம் உலர்மரம், காற்றிலிருந்து எடுத்த ஏறத்தாழ 1.8 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்குச் சமம். நம் வளவுகளில் நிற்கும் வேம்பு ஒன்று ஓரடி விட்டமும் நாற்பதடி உயரமும் உடையதாக இருந்தால், மர நிறையைக் கணிக்கும் பொதுவான சமன்பாடுகளின்படி, வேரையும் சேர்த்து அதன் உலர்நிறை அரைத் தொன்னை நெருங்கும். அதாவது அந்த மரம் தன்னுள் ஏறக்குறைய 0.9 தொன் காபனீரொட்சைட்டைப் பிடித்து வைத்திருக்கிறது.

அப்படியானால் மூன்று தொன்னுக்கு மூன்று நான்கு வேம்புகள் போதுமே, நூறு கன்றுகள் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. மரத்தால் காபனைப் பிடிக்க முடியாது என்று எவரும் சொல்லவில்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: நாம் கணக்கில் எடுத்தது ஓரடி விட்டமுள்ள மரத்தை, நட்டதோ சுண்டுவிரல் பருமனான கன்றை. விமானம் தன் 3 தொன்னையும் ஓரிரு நாளில் காற்றில் கலந்துவிடுகிறது. கன்றுகள் மரமாகி அதைத் திரும்ப எடுப்பதற்கு இருபது ஆண்டுகள் வரை ஆகலாம். அதுவும், முதல் சில ஆண்டுகளில் அவை எடுக்கும் அளவு மிகச் சொற்பம்.

அந்த இருபது ஆண்டுகளும் கன்று உயிரோடு நிற்க வேண்டுமே. வட மாகாணத்தில் கார்த்திகையை மரநடுகை மாதமாகக் கொண்டாடுவதற்குத் தக்க காரணம் உண்டு. நமக்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலேயே கிடைக்கிறது. நடுகை விழாவின் ஒளிப்படங்களில் மண் ஈரமாகவும் கன்று பசுமையாகவும் இருப்பதில் வியப்பில்லை. பார்க்க வேண்டியது மாசிக்குப் பிந்திய நிலையை. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாட்டில், சுண்ணாம்புக்கற் படைகளுக்குள் தேங்கிய மழைநீரே நம் கிணறுகளுக்கு ஆதாரம். அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் உள்ளே புகுந்துவிடும். அந்த நீரிலிருந்துதான் கன்றுக்கு வாளியால் அள்ளி ஊற்ற வேண்டும். கூடவே வேலி வேண்டும். வேலியில்லாத கன்றை ஆடு ஒரே காலைப்பொழுதில் மொட்டையாக்கிவிடும். பாடசாலை வளவில் நட்டால், விடுமுறை மாதத்தில் தண்ணீர் ஊற்றுவது யார் என்பதை நடும் நாளிலேயே தீர்மானித்திருக்க வேண்டும். பெயர்ப்பலகைக்குச் செலவழிக்கும் நிறுவனங்கள் இந்த ஒருவருக்குச் சம்பளம் ஒதுக்க மறந்துவிடுகின்றன.

இது வெறும் ஊகமன்று. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் இலங்கைக் கரையோரங்களில் நடந்த கண்டல் நடுகைகளை ஆராய்ந்து 2017 இல் வெளியான ஆய்வொன்று, 23 இடங்களைச் சென்று பார்த்தது. அவற்றுள் 9 இடங்களில் ஒரு கன்றுகூட எஞ்சியிருக்கவில்லை. பாதிக்கு மேற்பட்ட கன்றுகள் பிழைத்தவை கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு ஆகிய மூன்று இடங்களில் மட்டுமே. பொருத்தமற்ற இடத்தில் நட்டமையும், நட்டபின் பராமரியாமையும், கால்நடைகள் மேய்ந்து மிதித்தமையும் அங்கே முக்கிய காரணங்களாக இருந்தன.

(காட்சி: கரையோரப் பனங்கூடல். மண்ணைக் கிளறி எடுக்கப்படும் பனங்கிழங்கு.)

பனையை நட்டால் என்ன? ஆடும் வறட்சியும் அதை எளிதில் வெல்ல முடியாது என்பது உண்மை. ஆயினும் நட்ட பனங்கொட்டை முதலில் நிலத்துக்குள் இறங்கிக் கிழங்காகி, பின்னர் பல ஆண்டுகள் அடிமரம் தெரியாமல் வடலியாகவே நிற்கும். கரை காப்பதற்கும் வருங்காலத் தலைமுறைக்கும் நடவேண்டிய மரம் அது. இந்த ஆண்டின் பயணக் கணக்கைக் காட்டி நடுவதற்கு அது மிகவும் பிந்திய மரம்.

அடுத்தது காணி. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ஓர் உத்தியோகத்தர் ஆண்டுக்கு நான்கு முறை வணிக வகுப்பில் இலண்டன் போய்வருகிறார், இருபது ஆண்டுகள் அப்பணியில் இருக்கிறார் என்று கொண்டால், மொத்தம் 240 தொன். அதற்கு ஓரடி விட்டமுள்ள வேம்புகள் ஏறத்தாழ 270 வேண்டும். இருபத்தைந்தடி இடைவெளியில் நட்டால் அவை 60 பரப்புக்கு மேல், அதாவது ஏறக்குறைய நான்கு ஏக்கர் காணியை நிறைத்துவிடும். ஒரேயொருவருக்கு இவ்வளவு. வெங்காயமும் புகையிலையும் விளையும் செம்மண் தறையை இதற்கு எவரும் தரமாட்டார்கள், தரவும் கூடாது. அந்த நான்கு ஏக்கரும் நிறைந்தபின் மரங்களின் வளர்ச்சி தளர்ந்துவிடும், விமானங்களோ தொடர்ந்து பறக்கும். அப்போது இன்னொரு நான்கு ஏக்கரைத் தேட வேண்டும்.

வளர்ந்த மரம் நிலைக்குமா என்பது வேறு கேள்வி. விமானம் வெளியேற்றிய காபனீரொட்சைட்டின் ஒரு பங்கு ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் வளிமண்டலத்தில் இருக்கும். மரம் எரிந்தாலோ உக்கினாலோ பிடித்த காபன் காற்றுக்கே திரும்பிவிடும். 2021 இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மூண்ட காட்டுத்தீ, காபன் ஈட்டுத் திட்டங்களில் சேர்க்கப்பட்டிருந்த காடுகளையும், அதாவது பிறருடைய புகைக்கு ஈடு என்று காட்டப்பட்ட காடுகளையும் எரித்தது. நமக்கு அவ்வளவு தொலைவு போகத் தேவையில்லை. போர்க்காலத்தில் காவலரண்களுக்காகத் தறிக்கப்பட்ட பனைகளை எண்ணிப் பார்த்தால், ஐம்பது ஆண்டு நிற்கும் என்று ஒரு மரத்துக்கு எழுத்தில் உறுதி கொடுப்பது எவ்வளவு துணிச்சலானது என்பது விளங்கும். தறித்த மரம் கூரைக்கு வளையாகவும் சிலாகையாகவும் போனால் காபன் சில தலைமுறைக்கு வீட்டிலேயே இருக்கும். விறகானால் அன்றே போய்விடும்.

மேலும், விமானம் காற்றைச் சூடாக்குவது காபனீரொட்சைட்டால் மட்டுமன்று. உயரத்தில் அது விட்டுச்செல்லும் வெண்கோடுகள் முகிலாகப் பரவி, நிலத்திலிருந்து எழும் வெப்பத்தைத் தடுக்கின்றன. மேலே சொன்ன 3 தொன்னில் இது சேர்க்கப்படவில்லை.

விளம்பரங்களில் இவை எவையும் இடம்பெறுவதில்லை. 2024 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம், கே.எல்.எம். விமான நிறுவனத்தின் சுற்றாடல் விளம்பரங்கள் மக்களைத் தவறாக வழிநடத்தின என்று தீர்ப்பளித்தது. மரநடுகை போன்றவற்றின் பயனை அவை மிகைப்படுத்திக் காட்டின என்பது அதன் முடிவு. ஐரோப்பிய ஒன்றியமும், ஈட்டுத் திட்டங்களை மட்டும் காட்டி ஒரு பொருளைக் 'காபன் நடுநிலையானது' என்று விற்பதை, 2026 செப்டெம்பர் 27 முதல் பொருந்தும் வகையில் தடைசெய்து சட்டம் இயற்றியுள்ளது. ஐரோப்பிய நிதியுதவியாளர்களுக்கு அறிக்கை அனுப்பும் நம்மூர் நிறுவனங்கள் இதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

(காட்சி: அலுவலக மேசையில் விரித்த கணக்கேடு.)

நிறுவனம் செய்யக்கூடியது என்ன? ஒரு மணிநேரப் பேச்சுக்காக இலண்டன் போவதை விட்டுக் காணொளி வழியாகப் பேசலாம். மூன்று கூட்டங்களை ஒரே பயணத்தில் முடிக்கலாம். போயே ஆகவேண்டுமென்றால் சாதாரண வகுப்பில் போகலாம். வகுப்பை மாற்றுவதொன்றே 3 தொன்னை 1 தொன்னாக்குகிறது. இரண்டு தொன்னை இவ்வளவு விரைவாக மிச்சப்படுத்தித் தரும் மரம் எதுவும் இல்லை. கொழும்புக்கு ரயில் இருக்கிறது.

மரத்தையும் நடுங்கள். நிழலுக்கு, மண்ணுக்கு, பறவைகளுக்கு, கரையோரத்துக்கு நடுங்கள். ஆனால் அதைப் பயணக் கணக்கிலிருந்து கழிக்காமல் தனி ஏட்டில் எழுதுங்கள். அந்த ஏட்டில் காணியின் உரிமையாளர், தண்ணீர் ஊற்றுபவர், வேலிச் செலவு ஆகியவை பதியப்பட வேண்டும். நட்ட தொகையோடு, மூன்றாம் ஆண்டு ஆவணியில் உயிரோடு நின்ற தொகையும் அதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு தை மாதமும் நிலத்திலிருந்து நாலரை அடி உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை அளந்து எழுதுங்கள். பட்டுப்போன மரத்தைச் சிவப்பு மையால் வெட்டிவிட்டு, அதே குழியில் வரும் கார்த்திகையில் இன்னொன்றை நடுங்கள்.